குவாங்சோ தெற்கு நிலையம் அருகே ஹோட்டலில் அறை தர மறுக்கிறார்கள். இப்போது என்ன செய்வது?

கேட்டவர் (சீன நேரம் இரவு 10:50)
அவசரம், நேராக விஷயத்துக்கு வருகிறேன். நானும் அம்மாவும் ஹாங்காங்கின் மேற்கு கவுலூனில் ரயில் ஏறி, குவாங்சோ தெற்கில் இறங்கினோம். காலை 8 மணிக்கு குய்லின் ரயில். அதனால் நிலையத்துக்குப் பக்கத்திலேயே, ஊருக்கு ஊர் கிளை வைத்திருக்கும் ஒரு நடுத்தர ஹோட்டலில் 318 யுவானுக்கு அறை போட்டு, பணமும் கட்டிவிட்டேன். ரிசப்ஷனில் இருக்கும் பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "வெளிநாட்டவர் தங்க முடியாது" என்று போனில் மொழிபெயர்த்துக் காட்டுகிறார். அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை வேறு. வேறு ஹோட்டல் தேடவா, இங்கேயே பேசிப் பார்க்கவா?

ஈரோட்டு வியாபாரி
தம்பி, அங்கிருந்து கிளம்பாதீர்கள். அந்த நிலையம் நகரத்தை விட்டுத் தள்ளி பான்யூ பகுதியில் இருக்கிறது. இந்த நேரத்தில் பெட்டியோடு அம்மாவை அலைக்கழிக்க வேண்டாம். வெளிநாட்டவரைத் தங்கவைக்க அனுமதி இல்லை என்று காரணம் சொல்லி ஹோட்டல்கள் மறுக்கக் கூடாது என்று 2024-லேயே வணிக அமைச்சகம், பொதுப் பாதுகாப்பு அமைச்சகம் உள்ளிட்ட துறைகள் சேர்ந்து அறிவித்துவிட்டன. அதை மொழிபெயர்த்து, மரியாதையாகக் காட்டுங்கள்.

பல இடங்களில் மறுப்புக்கு உண்மையான காரணம் பழக்கமின்மைதான். சீனர் வந்தால் அடையாள அட்டையைக் கருவியில் வைத்ததும் விவரம் போலீஸ் பதிவுக்குப் போய்விடும். நம் பாஸ்போர்ட் என்றால் எல்லாவற்றையும் கையால் தட்டச்சு செய்ய வேண்டும். தப்பாகப் போட்டால் தன் தலையில் விழும் என்று புதியவர்கள் பயப்படுவார்கள். குரலை உயர்த்தினால் அந்தப் பயம் கூடும், காரியம் நடக்காது. மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். முன்பதிவு செய்த செயலியின் உதவி எண்ணுக்கு அடித்து, அவர்களையே ரிசப்ஷனில் பேசச் சொல்லுங்கள். எதற்கும் அசையவில்லை என்றால் 12345, நகர நிர்வாகத்தின் புகார் எண்.

வூஹான் மாணவி
அண்ணா, நான் இங்கே மருத்துவம் படிக்கிறேன். உள்பெட்டியில் வீசாட் (இங்கே எல்லோரும் பேசப் பயன்படுத்தும் செயலி) ஐடி அனுப்பியிருக்கிறேன், கூப்பிடுங்கள், நானே அவரிடம் பேசுகிறேன். அதற்குள் மூன்று பக்கங்களைத் திறந்து வையுங்கள்: படம் உள்ள பக்கம், விசா, நுழைவு முத்திரை. அம்மாவுக்கு 'ரெ ஷ்வே' என்று கேளுங்கள், வெந்நீர் தருவார்கள். கையில் பிஸ்கட் இருந்தால் முதலில் கொடுங்கள்.

கேட்டவர் (11:35)
அறை கிடைத்துவிட்டது! தங்கச்சி, உனக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

நடந்தது இதுதான். அந்தப் பெண் எங்களைத் துரத்தவில்லை, திணறிக்கொண்டிருந்தார். அவர் தேடியது நுழைவு முத்திரை. அது விசாவுக்குப் பக்கத்தில் இல்லாமல் கடைசிப் பக்கங்களில் ஒன்றில் இருந்தது. அடுத்த சிக்கல் எங்கள் பெயர். பாஸ்போர்ட்டில் எங்கள் இருவருக்கும் குடும்பப்பெயர் இடம் காலி, நம் ஊரில் பலருக்கு அப்படித்தானே. கணினியில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அடுத்த பக்கம் வரவே இல்லை. தங்கச்சி பேசி முழுப் பெயரையும் அந்தக் கட்டத்திலேயே போடச் சொன்னதும் ஏற்றுக்கொண்டது. அம்மாவின் பெயரை எழுத்து எழுத்தாக நான் விரலால் காட்ட, அவர் தட்டச்சு செய்தார். முடிந்ததும் அவர் விட்ட பெருமூச்சு எனக்கே கேட்டது.

இரண்டு சின்னச் சந்தேகம். 100 யுவான் முன்பணம் வாங்கினார்கள், திரும்பி வருமா? வைஃபை சீன போன் எண் கேட்கிறது.

ஈரோட்டு வியாபாரி
வரும் தம்பி. அதற்குப் பெயர் 'யாஜின்'. அலிபே என்ற சீனப் பணச் செயலியில் கட்டியிருந்தால் அதிலேயே திரும்பும், ரொக்கம் என்றால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம் ஒன்று: அலிபேயில் நம் ஊர் கார்டை இணைத்திருந்தால் 200 யுவானுக்கு மேல் போகும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 3% கட்டணம் பிடிப்பார்கள்.

வைஃபையை விடுங்கள். கிடைத்தாலும் அதில் வாட்ஸப், கூகுள் எதுவும் வராது. இந்திய சிம்மின் ரோமிங்கில் வரும்.

வூஹான் மாணவி
போலீஸ் பதிவு முடிந்ததா என்று காலையில் ஒருமுறை கேட்டுவிடுங்கள் அண்ணா. ஹோட்டலில் தங்கினால் அது ஹோட்டலின் பொறுப்பு. நண்பர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நாமே காவல் நிலையத்தில் பதிய வேண்டும். காலை உணவுக்கு உட்கார நேரமில்லை என்றால் 'டாபாவ்' என்று சொல்லுங்கள், கட்டிக் கொடுப்பார்கள். நிலையத்தில் பைகளை ஸ்கேன் செய்ய வரிசை இருக்கும், 7 மணிக்கே போய்விடுங்கள். பாஸ்போர்ட்தான் டிக்கெட். தானியங்கிக் கதவு அதைப் படிக்காவிட்டால் ஓரத்தில் ஊழியர் நிற்கும் வழியில் போங்கள்.

கேட்டவர் (காலை 8:20)
ரயிலில் இருக்கிறோம். பதிவு முடிந்தது, யாஜினும் வந்துவிட்டது. அதே பெண்தான் காலையிலும் இருந்தார். டாபாவ் என்றதும் இரண்டு அவித்த முட்டை, இரண்டு மாந்தோவ், சோயாப் பால் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொடுத்தார். மாந்தோவ் உப்பும் காரமும் இல்லாத வெள்ளை பன் மாதிரி இருக்கிறது. அம்மா கொண்டு வந்த எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

குய்லின் ஹோட்டலுக்கு அந்த மூன்று பக்கங்களின் படத்தையும் இப்போதே செயலி வழியாக அனுப்பி, "இந்திய பாஸ்போர்ட், குடும்பப்பெயர் இல்லை, பதிய முடியுமா?" என்று கேட்டேன். முடியும் என்று பதில் வந்துவிட்டது.

ஈரோட்டு வியாபாரி
நல்லது தம்பி. டிக்கெட்டில் நிலையத்தின் பெயரை ஒருமுறை பாருங்கள். குய்லின், குய்லின் வடக்கு, குய்லின் மேற்கு என்று தனித்தனியாக இருக்கின்றன. ஹோட்டல் எதற்குப் பக்கம் என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

கேட்டவர்
டிக்கெட் வடக்குக்கு, ஹோட்டலும் அங்கேதான். சரிபார்த்துவிட்டேன் அண்ணா.