எரிந்த அறை சொல்லிக்கொடுத்த பாடம்

தீ விசாரணைப் பயிற்சியில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது ஓர் எரிந்த அறை. சோஃபா, மேசை, திரைச்சீலை எல்லாம் போட்டு அசல் வீட்டு அறை மாதிரியே அமைத்திருந்தார்கள். நாங்கள் இல்லாத நேரத்தில் பயிற்றுநர்கள் தீ வைத்து, அறை முழுக்கப் பற்றிய பிறகும் கொஞ்ச நேரம் எரியவிட்டு அணைத்தார்கள். தீ எங்கே தொடங்கியது என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

உள்ளே எல்லாம் கரி. ஜன்னல் பக்கத்துச் சுவரில் மட்டும் ‘வி’ வடிவத் தடம் பளிச்சென்று தெரிந்தது. குழுவில் பெரும்பாலானோர் அதையே காட்டினார்கள். அப்புறம் வீடியோவைப் போட்டார்கள். தீ தொடங்கியது எதிர்மூலைக் குப்பைக்கூடையில்!

காரணம் இதுதான். கூரைக்கடியில் தேங்கும் புகை 500–600 டிகிரி செல்சியஸை எட்டும்போது, அதன் அனல் பட்டுக் கீழேயுள்ள பொருட்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பற்றிக்கொள்கின்றன. இதை ஃபிளாஷோவர் என்பார்கள். அதன் பிறகு தீக்குப் பஞ்சம் காற்றுக்குத்தான். அதனால் காற்று நுழையும் ஜன்னல், கதவு ஓரங்களே மோசமாக எரிகின்றன. தொடங்கிய இடத்தின் தடம் அமுங்கிப்போகிறது. 2005-ல் லாஸ் வேகாஸில் நடந்த இதுபோன்ற சோதனையில், அறையை நான்காகப் பிரித்து, தீ தொடங்கிய பகுதியை மட்டும் காட்டச் சொன்னபோது 53 பேரில் 3 பேர்தான் சரியாகச் சொன்னார்கள்.

இந்தத் தொழிலில் வாய்வழியாக வந்த நம்பிக்கைகள் ஏராளம். கண்ணாடியில் வலைபோல விரிசல் இருந்தால் பெட்ரோல் ஊற்றியிருக்கிறார்கள் என்பது அதில் ஒன்று. சூடான கண்ணாடியில் அணைக்கிற தண்ணீர் பட்டாலே அந்த விரிசல் வரும். டெக்சாஸில் 1991-ல் மூன்று குழந்தைகள் இறந்த தீயில், அவர்களுடைய தந்தை டாட் வில்லிங்ஹாமுக்கு எதிராகக் காட்டிய தடயங்களில் இதுவும் உண்டு. 2004-ல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றினார்கள். அந்த வழக்கைப் படித்த பிறகு, நிச்சயமாகத் தெரியாத எதையும் அறிக்கையில் எழுத என் கை வருவதில்லை.

எரிந்த குப்பையைத் தோண்டுவதும் சல்லடையில் சலிப்பதும் அலுப்பான வேலை, ஆனால் அவசரப்படவே கூடாது. மாதிரி எடுக்கும்போது ஒவ்வொன்றுக்கும் புதுக் கையுறை, இதுவரை பயன்படுத்தாத மூடிபோட்ட தகர டப்பா. சாதாரண பிளாஸ்டிக் பையில் போட்டால் எரிபொருள் ஆவி கசிந்துவிடும். ஒப்பிட்டுப் பார்க்க, சந்தேகம் இல்லாத இடத்திலிருந்து அதே தரைவிரிப்பில் ஒரு துண்டும் வேண்டும்.

பயிற்சியின் கடைசிப் பகுதியில் மூத்த விசாரணையாளர் ஒருவருடன் நிஜமாகவே தீப்பிடித்த வீட்டுக்குப் போனேன். நாங்கள் வாய் திறப்பதற்குள், “அடுப்ப அணைச்சிட்டேன் சார், சத்தியமா அணைச்சிட்டேன்” என்றார் வீட்டுக்கார அம்மா. மூத்த விசாரணையாளர் அடுப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. “முதல்ல என்னம்மா பாத்தீங்க? புகையா, வெளிச்சமா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, கூடத்தில் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது அந்த அம்மாவுக்கு ஞாபகம் வந்தது.

கூடத்துக் கம்பியில் செம்பு உருகிய மணிகள் இருந்தன. ஆனால் மின்கசிவால் தீ வந்தாலும் அப்படி உருகும். மின்சாரம் ஓடும் கம்பியைத் தீ தாக்கினாலும் உருகும். அதனால் தொடங்கிய இடம் கூடம் என்றும், காரணம் தீர்மானிக்கப்படவில்லை என்றும் விசாரணையாளர் எழுதினார். வேறு காரணம் கிடைக்காததால் தீ வைப்புதான் என்று முடிவுகட்டுவது அறிவியல் முறை ஆகாது என்று அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தின் தீ விசாரணை வழிகாட்டியான என்.எஃப்.பி.ஏ. 921-ன் 2011 பதிப்பே சொல்லிவிட்டது.

பயிற்சியில் சேரப்போகிறவர்கள் அந்த வழிகாட்டியில் தீ எப்படிப் பரவுகிறது என்ற பகுதியை முதலில் படித்துவிட்டு வாருங்கள். தடயங்கள் பற்றிய பகுதி அப்புறம்தான் புரியும்.