ஐவி மைக் மாதிரி: நியூட்ரான் முகட்டுக்குப் பின்னால் வால் நீள்கிறது, காலிமேட்டரில் தவறா?

கேள்வி (முதுகலை மாணவி):
வணக்கம். 1952 நவம்பர் 1 அன்று பசிபிக் கடலின் எனிவெடாக் பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய ஐவி மைக் ஹைட்ரஜன் குண்டுச் சோதனையைப் பற்றி வகுப்பில் பேச வேண்டும். எலுகெலாப் தீவிலிருந்து போகோன் தீவின் ஆளில்லா நிலையம் வரை வெடிப்பின் காமா கதிரும் நியூட்ரானும் அதிகம் தடைபடாமல் அளவுக்கருவிகளுக்குப் போக, சுமார் 9,000 அடிக்கு ப்ளைவுட் பெட்டி கட்டி, உள்ளே ஹீலியம் பைகளை அடுக்கியிருந்தார்கள் அல்லவா, அதைக் கணினியில் மான்டி கார்லோ முறையில் (ஒவ்வொரு துகளின் பாதையையும் சீரற்ற எண்களால் தீர்மானிப்பது) போட்டுப் பார்க்கிறேன். ஒரு முனையில் 14 மெகா எலக்ட்ரான்வோல்ட் நியூட்ரான். மறுமுனையில் காலிமேட்டர் (நேராக வரும் கதிரை மட்டும் விடும் துளையுள்ள தடுப்பு), பின்னால் டிடெக்டர், சுற்றிலும் 50 செ.மீ. ஈயம். காமா 9 மைக்ரோநொடியில் வருகிறது, நியூட்ரான் முகடு 53-இல். அதுவரை சரி. அப்புறம் 200 மைக்ரோநொடி வரை, தாமதமாக வருபவற்றின் ஒரு வால். துளையைக் குறுக்கினால் முகடுதான் சிறுக்கிறது, வால் அசையவில்லை.

பதில் 1:
துளையை முழுக்க அடைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரு மீட்டர் இரும்பு, பின்னால் பாலித்தீன். அப்போதும் வால் இருந்தால் அது துளை வழியாக வரவே இல்லை.

மாணவி:
ஓட்டினேன் சார். முகடு போய்விட்டது, வால் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது!

பதில் 2:
அப்படியென்றால் குற்றவாளி ஈயம்தான் அம்மா. காமாவுக்கு அது நல்ல சுவர். நியூட்ரானோ ஈய அணுக்கருவில் மோதித் தெறிக்கும்போது அதிகபட்சம் 2 சதவீத ஆற்றலைத்தான் இழக்கும், கேரம் காய் பலகை ஓரத்தில் பட்டுத் திரும்புவது போல. ஹைட்ரஜனில் மோதினால் சராசரியாகப் பாதி போய்விடும். பெட்டியின் கடைசிச் சில நூறு மீட்டரில் திசைமாறியவை பவளத்தரையில் பட்டு உங்கள் பக்கச்சுவர் வழியே நுழைகின்றன. வெளியே இரும்பு, அதற்குள் நியூட்ரானைப் பிடிக்கும் போரான் கலந்த, ஹைட்ரஜன் நிறைந்த பாலித்தீன் ஒரு மீட்டர், ஈயம் டிடெக்டரை ஒட்டி 10 செ.மீ. மட்டும் என்று மாற்றுங்கள். பாலித்தீனில் நியூட்ரான் பிடிபடும்போது பிறக்கும் காமாவை அந்த ஈயம் பார்த்துக்கொள்ளும்.

பதில் 3:
குறுக்கே ஒரு சந்தேகம். ஹீலியத்துக்குப் பதில் வெற்றிடம் வைத்திருக்கலாமே?

பதில் 2:
சதுர மீட்டருக்கு 10 டன் காற்றழுத்தம், ப்ளைவுட் நொறுங்கிவிடும். நெவாடாவில் நிலத்தடிச் சோதனைகளுக்கு எஃகுக் குழாயில் வெற்றிடம்தான் வைத்தார்கள். காற்றில் இந்த நியூட்ரான் சுமார் 120 மீட்டருக்கு ஒருமுறை மோதும், ஹீலியத்தில் சுமார் 400 மீட்டருக்கு ஒருமுறை. மொத்தத் தொலைவில் இருபதுக்கு மேல் மோதல் ஏழாகக் குறைந்தது. அதுவே போதும்.

மாணவி:
மாற்றிவிட்டேன், வால் பெரும்பாலும் அடங்கியது. 60-க்கு அருகில் ஒரு சின்ன மேடு மட்டும் மிச்சம்.

பதில் 1:
காலிமேட்டருக்கும் கவசத்துக்கும் நடுவில் நேர்கோட்டு இடைவெளி விட்டிருக்கிறீர்களா? இருந்தால் படிப்படியாக மடித்து வையுங்கள், நேராக ஒழுகாது.

மாணவி:
2 செ.மீ. விட்டிருந்தேன். மடித்ததும் மேடு போய்விட்டது. நன்றி சார், இரண்டு பேருக்கும்.