2018 மறியல் கேஸ் இப்ப வேலைக்கு இடைஞ்சல் ஆகுமா?

பாம்பன்காரன்:
ஊர் தங்கச்சிமடம் பக்கம். 2018ல காலேஜ் படிக்கிறப்ப, சிறைபிடிச்ச படகுகளை மீட்கச் சொல்லி நடந்த மறியல்ல நானும் உக்காந்தேன். வேன்ல ஏத்தி, கல்யாண மண்டபத்துல வச்சு, பேரு, அப்பா பேரு எழுதிக்கிட்டு சாயங்காலம் விட்டுட்டாங்க. அப்புறம் சம்மன் எதுவும் வரல. இப்ப சென்னையில ஒரு கம்பெனி ஆஃபர் வந்திருக்கு. பேக்ரவுண்ட் செக் பாரத்துல, எப்பவாவது கைதானதுண்டா, வழக்கு நிலுவையில இருக்கான்னு ரெண்டு கேள்வி. ஏழு வருஷத்துக்கு முந்தினதை யாரும் நோண்ட மாட்டாங்க, "இல்லை"ன்னு போடுன்னு ரூம்மேட் சொல்றான். வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும்.

எச்.ஆர். அக்கா:
தம்பி, அந்த ஏழு வருஷம் அமெரிக்காக்காரன் கணக்கு, அதுக்கு முந்தினதை பேக்ரவுண்ட் செக் ரிப்போர்ட்ல காட்டக்கூடாதுங்கறது. அங்கேயே தண்டனை ஆன கேஸுக்கு அது பொருந்தாது. கைதோட நின்னுபோன விஷயத்துக்குத்தான். சம்பளம் வருஷம் 75,000 டாலருக்கு மேலன்னா அதுவும் இல்ல. நம்ம நாட்டுல இத்தனை வருஷம்தான் பார்க்கணும்னு தனியார் கம்பெனியைக் கட்டுப்படுத்துற சட்டம் கிடையாது. நான் பார்த்தவரை படிப்பு, விலாசம், கடைசி ரெண்டு மூணு வேலை, கோர்ட் ரெக்கார்டுல பேரு, இவ்வளவுதான் தேடுவாங்க. பழைய கேஸுக்காக ஆஃபர் போனதை விட, பாரத்துல மறைச்சதுக்காகப் போனதைத்தான் அதிகம் பார்த்திருக்கேன்.

கீழக்கரை காக்கா:
துபாய்க்குப் போகையில எனக்கும் இதே பயம். போலீஸ் சான்று கையில வர்ற வரைக்கும் தூக்கம் இல்ல. உம்மா நேர்ச்சையே வச்சுட்டாங்க.

ராம்நாடு வக்கீல்:
முதல்ல கேஸ் உயிரோட இருக்கான்னு பாருங்க. 2016 நவம்பர்ல இருந்து எஃப்.ஐ.ஆர்.களை இணையத்துல ஏத்தணும்னு உச்ச நீதிமன்ற உத்தரவு. தமிழ்நாடு போலீஸ் தளத்துல தேடுங்க. கோர்ட் கேஸ் விவரம் தேடுற இ-கோர்ட்ஸ் தளத்துல பேரைப் போட்டும் பாருங்க. மறியலுக்கு அப்ப வழக்கமா பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 143 (சட்டவிரோதக் கூட்டம்), 188 (அரசு உத்தரவை மீறுறது), 341 (வழிமறிக்கிறது) போடுவாங்க. எல்லாமே ஒரு வருஷத்துக்கும் குறைஞ்ச தண்டனை. அப்படிப்பட்ட குற்றத்தை ஒரு வருஷத்துக்குள்ள கோர்ட் விசாரணைக்கு எடுக்கணும்னு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 468-வது பிரிவு சொல்லுது. தாமதத்தை மன்னிக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு, அதனால தானா செத்திருக்கும்னு நம்பிட வேண்டாம். குற்றப்பத்திரிகையே போடலைன்னா உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில எஃப்.ஐ.ஆரை ரத்து பண்ணச் சொல்லிக் கேக்கலாம்.
இன்னொண்ணு: அவதார் சிங் வழக்குல (2016), சின்ன வயசுல கோஷம் போட்ட மாதிரி அற்ப விஷயத்தை மறைச்சிருந்தாக்கூட வேலை கொடுத்தவங்க மன்னிக்கலாம்னு உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆனா "லாம்"தான். அதுவும் அரசு வேலை சம்பந்தப்பட்டது.

பாம்பன்காரன்:
எஃப்.ஐ.ஆர். கிடைச்சிருச்சு. ஆறு பேரு, "மற்றும் பலர்". என் பேரு அஞ்சாவது, அப்பா பேரு தப்பு. இ-கோர்ட்ஸ்ல ஒண்ணும் இல்ல. அப்பா பேரு தப்புங்கறதால அது நான் இல்லன்னு சொல்லலாமா அண்ணே?

ராம்நாடு வக்கீல்:
சொல்லாதீங்க. உக்காந்தது நீங்கதானே. கைதுக் கேள்விக்கு "ஆம்", கீழே ரெண்டு வரி: மீனவர் மறியல், அன்னைக்கே விடுவிப்பு, இன்னிக்கு வரை சம்மன் இல்லை. நிலுவைக் கேள்விக்கு ஸ்டேஷன்ல கேட்டுட்டு எழுதுங்க.

எச்.ஆர். அக்கா:
எஃப்.ஐ.ஆர். நகலையும் சேர்த்து அனுப்பு தம்பி. அவங்களா தோண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி உன் கையால போகட்டும்.