பாலுண்ணிக்குள்ளேயே வைட்டமின் டி ஊசி: போட்டுக்கிட்டவங்க யாராவது இருக்கீங்களா?

சேலத்துத் தறிக்காரர்:
என் கதையை முதல்ல சொல்லிடறேன். வலது குதிகால்ல கால் ஆணின்னு நினைச்சு ஒரு வருஷம் கார்ன் கேப் ஒட்டினேன். தறி மிதிக்கிற கால் வேற. கடைசியா தோல் டாக்டரம்மா பிளேடால மேலாகச் சீவிப் பார்த்தாங்க. உள்ளே கறுப்புக் கறுப்பாப் புள்ளி. "ஆணின்னா நேரா அழுத்தும்போது வலிக்கும். இதை ரெண்டு பக்கமும் கிள்ளினாத்தான் வலிக்குது. இது மரு, அதாவது பாலுண்ணி, வைரஸால வர்றது"ன்னாங்க. அதுக்குள்ள விரல்லயும் நாலு முளைச்சாச்சு. வீட்டம்மா வைத்தீஸ்வரன்கோயிலுக்கு உப்பு மிளகு நேர்ந்துக்கிட்டாங்க.

ரத்தத்துல வைட்டமின் டி 14தான். வாரம் ஒரு 60,000 யூனிட் பவுடர், எட்டு வாரம் பால்ல கலந்து குடிச்சேன். அளவு ஏறிச்சு, உடம்பு அசதியும் குறைஞ்சுது. மரு மட்டும் அசையலை.

அப்புறம்தான் ஊசி. 6,00,000 யூனிட் உள்ள சின்னக் குப்பி. முதல்ல மரத்துப்போற மருந்து, பிறகு மருவோட அடியில இரண்டு சொட்டு மாதிரி. குதிகால்ல போட்டப்போ உயிர் போயிட்டு வந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். மூணு வாரத்துக்கு ஒண்ணா மூணு தடவை. குதிகால் மரு கறுத்து உதிர்ந்துச்சு. ஊசியே படாத விரல் மருவுல மூணும் கூடவே போயிடுச்சு! மருந்து வைரஸை நேராக் கொல்றதில்லையாம். உடம்போட எதிர்ப்புச் சக்திக்கு அந்த வைரஸைக் காட்டிக் கொடுக்குதாம்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
என் பையனுக்கு வந்தது மொலஸ்கம், அதுவும் வைரஸால தோல்ல வர்ற ஒரு மாதிரிச் சின்னக் கட்டிதான். முத்து முத்தா, நடுவுல குழி. நானும் வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுத்தேன், பத்து மாசத்துல மறைஞ்சுது. சொட்டு மருந்தாலதான்னு ஊரெல்லாம் சொன்னேன். சின்னவளுக்கும் தொத்திச்சு, அவளுக்கு ஒண்ணுமே கொடுக்கலை. அவளுக்கும் ஏறக்குறைய அதே பத்து மாசம்தான். துண்டைத் தனித்தனியா வைக்காதது என் தப்பு.

மதுரைக்காரர்:
அம்மாவுக்கு விலாவுல அக்கி. குயவர் வீட்டுல காவி எழுதிட்டு அஞ்சாம் நாள்தான் ஆஸ்பத்திரி போனோம். சின்னம்மை வைரஸ் நரம்புல ஒளிஞ்சிருந்து வர்றது, மாத்திரையை 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சிருக்கணும்னு திட்டினாங்க. கொப்புளம் காய்ஞ்சுது, எரிச்சல் அஞ்சு மாசம் இருந்துச்சு. நானா வாங்கிக் கொடுத்த டி மாத்திரையால எரிச்சல் துளியும் குறையலை. அண்ணே, அந்த நாலாவது விரல் மரு என்னாச்சு?

சேலத்துத் தறிக்காரர்:
இருக்கு தம்பி. நகத்துக்கு அடியில இருக்கிறதால அதுல ஊசி வேண்டாம்னுட்டாங்க, பெயிண்ட் மாதிரி ஒரு மருந்து தடவறேன். யாராவது குதிகால்ல போடப் போறதா இருந்தா, ரெண்டு நாள் தறி மிதிக்காம இருக்க முடியுமான்னு பார்த்துட்டுப் போங்க.