பகல் தண்ணீர் கரும்புக்கு, ராத்தண்ணீர் நெல்லுக்கு: ஜாவா கிராமங்களில் நாம் பார்த்ததும் கேட்டதும்

கோபி விவசாயி:

மகன் இந்தோனேசியாவின் ஜாவா தீவில், யோக்யகர்த்தா நகரில் வேலை பார்க்கிறான். போன ஆனியில் அவனோடு இருபது நாள் இருந்துவிட்டு வந்தேன். கோயிலும் எரிமலையும் மூன்று நாளில் முடிந்துவிட்டன. அப்புறம் பொழுது போகவில்லை. வயலைப் பார்க்காமல் எத்தனை நாள் இருப்பது? மகனோடு வேலை செய்யும் பையன் ஒருவன், "எங்கள் ஊருக்கு வாருங்கள்" என்று கிளாத்தென் பக்கம் கூட்டிப் போனான்.

யோக்யா - சோலோ சாலையில் கொண்டாங் சர்க்கரை ஆலை இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1860-ல் கட்டியது. வளாகத்திலேயே ஒரு சர்க்கரை அருங்காட்சியகமும் உண்டு. சுற்றுலாக்காரர்கள் அங்கே படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுவார்கள். நாங்கள் உள்ளே தள்ளி இருந்த கிராமத்துக்குப் போனோம். நெல், கொஞ்சம் கரும்பு, மூங்கிலில் கட்டிய பெரிய புகையிலைக் கொட்டகைகள். பழைய வாய்க்கால் ஒன்று, அதன்மேல் சின்னப் பாலம். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டியிருக்கும். வயசானவர்களை 'ம்பா' என்று கூப்பிடுகிறார்கள், நாம் தாத்தா என்பதுபோல. அவர் ஒரு காலத்தில் ஊரின் 'உலு-உலு'. வாய்க்கால் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் நம் ஊர் நீர்க்கட்டியின் வேலைதான்.

பையன் மொழிபெயர்க்க, அவர் தன் அப்பா காலத்துக் கதையைச் சொன்னார். ஊர் நிலத்தில் பாதியை ஆலை எடுத்துக்கொள்ளும். பாதியில் கரும்பு, மீதியில் ஊராரின் நெல். கரும்பு வெட்டியதும் அந்தப் பாதியை விட்டுவிட்டு மற்றப் பாதியைப் பிடிக்கும். சரி, நிலம் போனால் போகிறது, தண்ணீர்? பகல் முழுக்க ஆலைக் கரும்புக்கு. பொழுது சாய்ந்தபிறகுதான் நெல்லுக்கு. ஜாவாவில் கரும்பு ஆலைகள் இருந்த பகுதிகளில் இது எழுதி வைத்த பாசன விதியாகவே இருந்தது. பகலில் மடையைத் தொட்டால் 'சிந்தர்' வந்துவிடுவார். தோட்ட மேற்பார்வையாளருக்கு டச்சில் இருந்து வந்த பெயர் அது. மடைக்குப் பூட்டு, சாவி அவரிடம். இவருடைய அப்பா மூங்கில் பந்தத்தோடு ராத்திரியில் வயலுக்குப் போவாராம். ஒருமுறை வரப்பில் தூங்கிப்போய், விழித்துப் பார்த்தால் விடிந்துவிட்டதாம். அன்றைக்கு அவர் பங்கு அவ்வளவுதான்.

எங்கள் கீழ்பவானியிலும் முறைப்பாசனம்தான். ராத்திரி முறை வந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு போகிறவன்தான் நானும். ஆனால் எங்களுக்கு முறை மாறும். அவர்களுக்குத் தலைமுறை முழுக்க ராத்திரி.

எங்கள் அப்பா பயிரிட்டது கோ 419 கரும்பு. கோயம்புத்தூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது என்று மார்தட்டிக்கொள்வோம். உண்மைதான், ஆனால் அதன் தாய்க் கரும்பு ஜாவாவின் பாசுருவானில் டச்சு ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய பிஓஜே 2878. இதைச் சொன்னதும் பெரியவர் வெகுநேரம் சிரித்தார். பிறகு கேட்டார்: "கரும்பு உங்கள் ஊருக்கும் வந்துவிட்டதா? அதற்கு எப்போது தண்ணீர் பாய்ச்சுவீர்கள், பகலிலா?"

ஜாவா கிராமங்களுக்குள் போன வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ரயில் கிறுக்கன்:

அருமை ஐயா. ஒரு சின்னத் திருத்தம், ஆலை என்றாலே டச்சுக்காரர்கள்தான் என்று படிப்பவர்கள் நினைத்துக்கொள்ளக் கூடாது. சோலோ பக்கத்தில் உள்ள சோலோமாடு ஆலையை 1861-ல் தொடங்கியவர் நான்காம் மங்குநெகாரா, ஜாவா இளவரசர். தாசிக்மாடு ஆலையும் அவருடையதுதான். உழவனுக்கு முதலாளி வெள்ளைக்காரனா உள்ளூர்க்காரனா என்பதில் பெரிய வித்தியாசம் இருந்திருக்குமா, தெரியவில்லை.

சோலோமாடு இப்போது அருங்காட்சியகமும் இசை அரங்கமுமாக 2018-ல் திறக்கப்பட்டுவிட்டது. எந்திரங்களைத் துடைத்து நிறுத்தி, பக்கத்திலேயே காபிக்கடை வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பளபளப்பு ஒட்டவில்லை. வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் சீட்டு கிழித்த பெரியவரிடம் அரை மணி நேரம் பேசியதுதான் லாபம். கரும்பு ஏற்றிவரும் குட்டி ரயிலை 'லோரி' என்பார்கள். சின்ன வயதில் வளைவில் ஒளிந்திருந்து, வேகம் குறையும்போது ஓடிப்போய் கரும்பை உருவுவார்களாம். கரும்புச் சக்கையை எரித்தே ஓடிய நீராவி எஞ்சின்கள் அவை. "காவலாளி விரட்டுவான். ஆனால் அவனும் எங்கள் தெருக்காரன்தான், மெதுவாகத்தான் ஓடுவான்" என்றார்.

நாகப்பட்டினத்தான்:

என் அனுபவம் கொஞ்சம் கூச்சமானது. மகெலாங் பக்கம் ஒரு கிராமத்து வீட்டில் சாப்பாடு. 'சம்பல்' என்ற அவர்களுடைய மிளகாய்த் துவையல் தன் வேலையைக் காட்டிவிட்டது. எனக்கு இந்தோனேசிய மொழி தெரியாது, சைகை காட்டவும் வெட்கம். அந்த வீட்டுப் பாட்டியே புரிந்துகொண்டு, கொல்லைப்புறம் கைகாட்டி, "கக்குஸ்?" என்றார். தூக்கிவாரிப்போட்டது! நம் கக்கூஸேதான். இரண்டுமே டச்சுச் சொல்லில் இருந்து வந்தவை. எங்கள் ஊர் 1658 முதல் 1781 வரை அவர்கள் கையில் இருந்தது. கோட்டை போய்விட்டது, சொல் மட்டும் நிற்கிறது.

சுரபாயா அம்மா:

நாகப்பட்டினத்தாரே, சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நான் பதினோரு வருடமாக இங்கே இருக்கிறேன். முன்பு யோக்யகர்த்தாவில் வீட்டுக்காரம்மா ஒரு தடவை மாடுகிஸ்மோ ஆலையின் 'செம்பெங்கான்' பார்க்கக் கூட்டிப் போனார். அரைவை தொடங்குவதற்கு முன் கரும்புக்குக் கல்யாணம்! 'மந்தென் தெபு' என்கிறார்கள். ஒரு கரும்பு மாப்பிள்ளை, ஒரு கரும்பு பெண். பேர் வைத்து, ஊர்வலமாகத் தூக்கி வந்து, கடைசியில் ஆலைக்குள் விட்டுவிடுகிறார்கள். சீனர்கள் முன்னோர் கல்லறைக்குப் போகும் 'செங் பெங்' நாளில் இருந்து வந்த பெயராம் செம்பெங்கான். சீனப் பெயர், ஜாவாக் கல்யாணம், கூடவே இஸ்லாமியத் தொழுகை. அந்த ஆலையே சுல்தான் ஒன்பதாம் ஹமெங்குபுவோனோ, சுதந்திரத்துக்குப் பிறகு, இடிந்த டச்சு ஆலை இருந்த இடத்தில் கட்டியது.

கூட்டத்தில் இரண்டு பெரியவர்களுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்துவிட்டேன். வீட்டுக்காரம்மா கையைப் பிடித்து இழுத்தார். குனிந்து, வலது கையைத் தாழ்த்தி, 'நுவுன் செவு' சொல்லிக்கொண்டுதான் கடக்க வேண்டுமாம். ஆயிரம் மன்னிப்பு கேட்பது என்று அர்த்தம். இப்போது திருச்சிக்கு வந்தாலும் என்னை அறியாமல் குனிந்துவிடுகிறேன், மாமியார் முதுகுவலியா என்று கேட்கிறார்.

கோபி ஐயா, அந்த வாய்க்காலில் இப்போது யாருக்கு எப்போது தண்ணீர்?

கோபி விவசாயி:

இப்போது பகல், ராத்திரி என்ற பாகுபாடு இல்லையம்மா. ஊரார் கூடி முறை வைத்துக்கொள்கிறார்கள். பற்றாத இடத்தில் மோட்டார் போட்டு இறைக்கிறார்கள். பெரியவருக்கு நம் ஊர்க் கரும்பைப் பார்க்க ஆசை. கரணையை விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் ஊர் திரும்பியதும் எங்கள் வயலையும் வாய்க்காலையும் படம் எடுத்து அந்தப் பையனுக்கு அனுப்பினேன். கரும்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படத்தைப் பெரிதாக்கிக் காட்டச் சொல்லி, பெரியவர் கேட்டது ஒன்றுதானாம்: "மடைக்குப் பூட்டு எங்கே?"