மெற்றாஸ்ரசிஸ்: ‘இடம்பெயர்வு’ பொருந்துமா?

வணக்கம்.

புற்றுநோய் தோன்றிய இடத்திலிருந்து உடலின் வேறிடத்துக்கும் சென்று வளர்வதை மெற்றாஸ்ரசிஸ் (metastasis) என்பர். அதற்குத் தமிழ்ச்சொல்லாக அன்பர் முன்வைத்த ‘இடம்பெயர்வு’ சொல்வதற்கு எளிதுதான். ஆனால் வன்னியில் அச்சொல்லைக் கேட்பவருக்கு 2009 அன்றி வேறொன்றும் நினைவுக்கு வராது. அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் பொருள் ஒட்டவில்லை: இடம்பெயர்ந்தவர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறார்; புற்றோ தோன்றிய இடத்திலும் இருந்துகொண்டு வேறிடத்திலும் வளர்கிறது. ‘பரவல்’ என்றால் அயல் இழையத்துள் ஊடுருவுவதும் அதில் அடங்கிவிடும். தொற்றுமோ என்ற அச்சம் வேறு எழும், நோயாளியின் கோப்பையைத் தனியே வைத்துவிடுவார்கள்.

நிகழ்வது இதுதான். கட்டியிலிருந்து பிரியும் கலங்கள் (செல்கள்) அடித்தள மென்சவ்வைக் கரைத்துக் குருதிக்குழாயிலோ நிணநீர்க்குழாயிலோ நுழைகின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை வழியிலேயே அழிந்துவிட, தப்பிய மிகச் சிலவே நுரையீரல், ஈரல், என்பு போன்ற இடங்களில் தங்கிப் பெருகுகின்றன. எந்த விதையும் ஏற்ற நிலத்திலேயே முளைக்கும் என்று 1889 இல் ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீவன் பஜற் இதை விளக்கினார். ஆகவே பெயர்தலை விட ஊன்றுதலே சொல்லில் தெரிய வேண்டும்.

தோன்றிய கட்டியைத் ‘தாய்ப்புற்று’ என்றும், அதிலிருந்து பிறந்ததைச் ‘சேய்ப்புற்று’ என்றும், நிகழ்வைச் ‘சேயூன்றல்’ என்றும் வழங்கலாம் என்பது என் கருத்து. சேய் என்பதற்குத் தொலைவு என்ற பொருளும் உண்டு. நோய் எவ்வளவு முற்றியுள்ளது என்று காட்டும் நோய்நிலை வகுப்பில் அண்மை நிணநீர்க் கணுக்களை ஓரெழுத்தாலும் தொலைவுறுப்புகளை வேறோர் எழுத்தாலும் குறிப்பதால், அப்பொருளும் இங்கு உதவும்.

கிளிநொச்சியில், மார்பகப் புற்றுக்குச் சிகிச்சை பெற்ற அம்மா ஒருவரின் ஸ்கான் அறிக்கையைக் கொண்டுவந்த மகன், “மார்புக்கு வைத்தியம் முடிஞ்சுது, இப்ப எலும்பில வேற புற்றாம்” என்றார். முள்ளந்தண்டில் இருந்தவை மார்பகக் கலங்களே. ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி அவற்றில் இருந்தால், என்பில் உள்ள கட்டிக்கும் தமொக்சிபன் போன்ற மார்பகப் புற்று மருந்தே பயன்படக்கூடும். ஏற்பியின் நிலை சிலவேளை மாறிவிடுவதால், இயலுமானால் புதிய இடத்திலும் இழைய மாதிரி எடுத்துச் சோதிப்பார்கள். கதிர்ச்சிகிச்சை அங்கு பெரும்பாலும் வலியைத் தணிப்பதற்கே. ‘என்புப் புற்று’ என்று எழுதினால் இவை யாவும் மறைந்துபோகும்.

எனவே அறிக்கைகளில் ‘சேய்ப்புற்று: தாய் மார்பகம், இடம் முள்ளந்தண்டு’ என்ற ஒழுங்கில் எழுதலாம். தாய்ப்புற்று எதுவெனக் கண்டறிய முடியாத நோயாளரும் உளர். அவர்களுக்குத் ‘தாய் அறியாச் சேய்ப்புற்று’ என்பது சற்று நீளம். இதைவிடச் சுருக்கமான சொல் ஒன்றை அன்பர்கள் தரவேண்டும்.