தாடைத் தசை வலி: லாக்டிக் அமிலம்தான் காரணமா?

கேள்வி: பல்மருத்துவ_மாணவி

மாசிட்டர் (கன்னத்துத் தசை), டெம்போராலிஸ் (நெற்றிப்பொட்டுத் தசை) என்ற மெல்லும் தசைகளில் மாதக்கணக்கில் நிற்கும் வலிக்குப் பல இடங்களிலும் ஒரே விளக்கம்தான் கிடைக்கிறது. பல்லைக் கடிப்பதால் தசை இறுகுகிறது, லாக்டிக் அமிலம் தேங்குகிறது, அதனால் வலிக்கிறது, வலியால் தசை மேலும் இறுகுகிறது என்கிறார்கள். இதில் இரண்டு இடம் இடிக்கிறது. தசை வேலையை நிறுத்திய ஒரு மணி நேரத்துக்குள் லாக்டேட் பெரும்பாலும் வெளியேறிவிடும். வலி மட்டும் ஏன் நிற்கிறது? வலி உள்ளவர்களுக்குத் தாடை ஓய்வில் இருக்கும்போது இ.எம்.ஜி. (தசையின் மின் செயல்பாட்டுப் பதிவு) எடுத்தால் தசையின் செயல்பாடு பெரிதாகக் கூடியிருப்பதில்லை. பிறகு "இறுக்கம்" எங்கே இருக்கிறது? தசையில் பிறக்கும் வலி காதிலும் கடைவாய்ப் பல்லிலும் தெரிவது எப்படி என்பதையும் யாராவது விளக்க முடியுமா?

பதில் 1: நரம்புமுனை

நீங்கள் இடிக்கிறது என்று சொன்ன இரண்டும் சரியான இடங்கள். லாக்டேட்டுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அது துணைப்பாத்திரம்தான்.

தசை விடாமல் சுருங்கி நின்றால் உள்ளே ஓடும் நுண்ரத்தக் குழாய்கள் நசுங்கும். ஆக்சிஜன் குறையும். ஹைட்ரஜன் அயனி, ஏ.டி.பி., பொட்டாசியம், பிராடிகைனின், புரோஸ்டாகிளாண்டின் இ2, செரடோனின், குளுட்டமேட் எல்லாம் தசைநார்களுக்கு இடையில் சேரும். அங்கே முடிகிற மெல்லிய வலி நரம்புகளின் (மூன்றாம், நான்காம் வகை இழைகள்) நுனியில் இவற்றுக்கான ஏற்பிகள் உண்டு. அமிலத்துக்கு ஏசிக்-3, ஏ.டி.பி.க்கு பி2எக்ஸ்3, வெப்பத்துக்கும் அமிலத்துக்கும் டி.ஆர்.பி.வி.1. லாக்டேட் மட்டும் தனியாக இருந்தால் இந்த முனைகள் பெரிதாக அசைவதில்லை. அமிலமும் ஏ.டி.பி.யும் கூடவே இருந்தால்தான் வலுவாகச் சமிக்ஞை அனுப்புகின்றன. இது கடித்துக்கொண்டிருக்கும்போதும் சற்று நேரம் கழித்தும் வரும் வலி. ரத்தம் திரும்பியதும் போய்விடும்.

நாள்பட்ட வலி வேறு கதை. அங்கே வலியைத் தாங்கிப் பிடிப்பது தேங்கிய கழிவு அல்ல, நரம்பு முனையின் மாறிப்போன உணர்திறன். இதற்குத் தெளிவான சான்று நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம். அதை மாசிட்டருக்குள் ஊசியால் செலுத்தினால் உடனே வலி பெரிதாக வராது. ஆனால் ஒரு நாளுக்குள் அந்த இடம் தொட்டால் நோகும், மெல்லும்போது நோகும், அது ஒரு வாரத்துக்கு மேலும் நீடிக்கலாம். தசையில் அமிலமும் இல்லை, இறுக்கமும் இல்லை. முன்பு சாதாரண அழுத்தமாக இருந்தது இப்போது வலியாகப் பதிவாகிறது, அவ்வளவுதான்.

அடுத்த கட்டம் மூளைத்தண்டில். தாடைத் தசைகளின் வலி இழைகள் முகத்தின் உணர்வைக் கொண்டுசெல்லும் டிரைஜெமினல் நரம்பின் கீழ்த்தாடைக் கிளை வழியாகப் போய், டிரைஜெமினல் முதுகுத்தண்டு உட்கரு என்ற நரம்புச் செல் தொகுதியின் வால்பகுதியில் முடிகின்றன. சமிக்ஞை ஓயாமல் வந்தால் வலிச் செய்தியைக் கடத்தும் குளுட்டமேட்டும் சப்ஸ்டன்ஸ் பி.யும் சேர்ந்து அங்குள்ள செல்களை மின்னேற்றம் குறைந்த நிலையில் நிறுத்தும். குளுட்டமேட்டுக்கான என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைத்திருக்கும் மெக்னீசியம் விலகும், கால்சியம் உள்ளே பாயும், அதே செல் சிறு தூண்டலுக்கும் பலமடங்கு பதில் தரத் தொடங்கும். மேலிருந்து வலியை அடக்கும் பாதைகளும் சிலரிடம் தளர்ந்திருக்கும். தூக்கக் கெடுதி இதை மோசமாக்கும்.

வலி, இறுக்கம், வலி என்ற சுழலை லண்டும் அவரது சகாக்களும் 1991இல் முன்வைத்த வலித் தகவமைப்புக் கோட்பாடு கேள்விக்குள்ளாக்கியது. வலிக்கும் தசை வேலை செய்ய வேண்டிய தருணத்தில் அதன் விசை குறைகிறது, எதிர்த்தசை சற்றுக் கூடுதலாக இயங்குகிறது, அசைவு மெதுவாகவும் சிறியதாகவும் ஆகிறது. மாசிட்டரில் செறிந்த உப்புநீரைச் செலுத்தி வலி உண்டாக்கினாலும் இந்தப் போக்கையே காணலாம். பின்னர் வந்த ஆய்வுகள் ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டு என்று காட்டியிருக்கின்றன. ஆனாலும் "நிரந்தர இறுக்கம்" என்ற படத்துக்கு ஆதரவு பலவீனமானது. உங்கள் இ.எம்.ஜி. கேள்விக்குப் பதில் இதுதான்.

பதில் 2: முகவலி_குறிப்பேடு

காதிலும் பல்லிலும் தெரிவது பற்றி. மேலே சொன்ன வால்பகுதி உட்கரு கழுத்துத் தண்டுவடத்தின் மேல் கண்டங்களோடு தொடர்ச்சியாக இருக்கிறது. பற்கள், தாடை மூட்டு, மெல்லும் தசைகள், காதின் முன்பகுதி, மூளை உறை, மேல்கழுத்து ஆகியவற்றிலிருந்து வரும் இழைகள் ஒரே நியூரானில் வந்து விழுகின்றன. எந்தக் கிளையிலிருந்து வந்தது என்று மூளைக்குப் பிரித்தறிய முடியாது. அதனால் மாசிட்டரின் வலி கடைவாய்ப் பல்லிலும் காதிலும், டெம்போராலிஸின் வலி நெற்றிப்பொட்டிலும் மேல்பற்களிலும் தெரியும். குறை ஒன்றுமில்லாத பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யப்படுவது இங்கேதான். பல்லின் குளிர்ச்சோதனை, தட்டிப் பார்த்தல், எக்ஸ்ரே மூன்றும் சுத்தமாக இருந்து, பல்லைச் சுற்றி மரப்பூசி (மரத்துப்போகச் செய்யும் ஊசி) போட்ட பிறகும் வலி போகவில்லையென்றால் அந்தப் பல்லைத் தொடக்கூடாது. தசையை அழுத்திப் பாருங்கள்.

எப்படி அழுத்துவது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். மாசிட்டரிலும் டெம்போராலிஸிலும் விரல் நுனியால் ஒரு கிலோ அழுத்தம், ஒவ்வொரு இடத்திலும் 2 விநாடி. வலி பரவுகிறதா என்று பார்க்க 5 விநாடி. தாடை மூட்டின் வெளிமுனையில் அரைக் கிலோ போதும். விரலுக்குப் பழக்கம் வர, டிஜிட்டல் தராசை அழுத்திப் பார்த்துப் பிறகு தொடுங்கள். "வலிக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் பயனில்லை, ஒரு கிலோ அழுத்தினால் ஆரோக்கியமானவர்களிலும் சிலருக்கு நோகும். "உங்களுக்கு வழக்கமாக வரும் அதே வலியா?" என்பதுதான் கேள்வி. தாடை மூட்டுக்கு முன்னால் ஆழத்தில் இருக்கும் பக்க டெரிகாய்டு தசையைப் பாடத்தில் வாய்க்குள் விரல்விட்டுத் தொடச் சொல்வார்கள். அந்தத் தசையை விரல் நம்பகமாக எட்டுவதில்லை, அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பல்மருத்துவ_மாணவி

நன்றி, நிறையத் தெளிந்தது. அப்படியானால் இரவுப் பற்கடிப்பைத் தடுத்தால் வலி தீருமா? நைட் கார்டு (இரவில் பற்களின் மேல் மாட்டும் கவசம்) கொடுத்துவிட்டால் போதும் என்று பலர் நினைப்பது சரியா?

பதில் 3: இயன்முறை

போதாது. இரவில் நடப்பது ஏறக்குறைய விநாடிக்கு ஒருமுறை தாளத்தோடு வரும் மெல்லு அசைவு. அதற்குச் சற்று முன்பே மூளை அலையிலும் இதயத் துடிப்பிலும் குறுகிய விழிப்பு தெரியும். பற்கள் உரசுவது அதன் கடைசிக் கட்டம். தூக்க ஆய்வகத்தில் எண்ணிப் பார்த்தால் இந்த அசைவுகளின் எண்ணிக்கைக்கும் வலிக்கும் உள்ள தொடர்பு மிகப் பலவீனம். நிறையக் கடிப்பவர் பலருக்கு வலியே இல்லை.

பகல் கூடுதல் கவனம் கேட்கிறது. மெல்லுவதும் விழுங்குவதும் சேர்த்துப் பற்கள் ஒன்றையொன்று தொடும் நேரம் இயல்பாக ஒரு நாளைக்குச் சுமார் 20 நிமிடம்தான். திரையைப் பார்த்தபடி பற்களை லேசாகச் சேர்த்து வைத்திருப்பவருக்கு அது மணிக்கணக்கில் போகும். விசை குறைவுதான், ஆனால் குறைந்த விசைக்கு எப்போதும் அதே சிறு இயக்க அலகுகளே (ஒரு நரம்பும் அது இயக்கும் தசைநார்களும்) அழைக்கப்படுகின்றன. அவற்றுக்கு ஓய்வே கிடைப்பதில்லை.

அதனால் முதல் வேலை தாடையின் ஓய்வு நிலையைக் கற்றுக்கொடுப்பது. உதடுகள் மூடி, பற்கள் 2 முதல் 4 மில்லிமீட்டர் விலகி இருக்க வேண்டும். "ன்" என்று சொல்லி நிறுத்தினால் நாக்கு நுனி நிற்கும் இடத்திலேயே நாக்கு இருக்கட்டும். அரைமணிக்கு ஒருமுறை கைபேசியில் நினைவூட்டல் வைத்து இரண்டு வாரமாவது பழக வேண்டும். ஈரத்துணி ஒத்தடம் 15 நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை. பிறகு நாக்கு நுனியை மேலண்ணத்தில் வைத்தபடியே வாயைத் திறந்து மூடும் பயிற்சி, 6 தடவை, நாளைக்கு 6 முறை. விரல் கொடுத்து வாயைப் பிளக்கும் நீட்சியை வலி தணிந்த பிறகே தொடங்குங்கள். முன்பே செய்தால் உணர்திறன் கூடிய முனைகளை மறுபடி சீண்டுவதாகிவிடும். மென்மையான உணவும் ஓரிரு வாரம்தான். அதற்கு மேல் நீட்டினால் தசை பலவீனப்பட்டுச் சாதாரண உணவே சுமையாகும்.

நைட் கார்டு பல் தேய்வைத் தடுக்கும், அதற்காகக் கொடுங்கள். எல்லாப் பற்களையும் மூடும் கடின அக்ரிலிக் வகை நல்லது. முன்பற்களை மட்டும் தாங்கும் சிறு வகையை மாதக்கணக்கில் போட்டால் பின்பற்கள் எழும்பி முன்கடி திறந்துவிடக்கூடும். வலிக்காகப் பல்லை ராவிக் கடியைச் "சரிசெய்வது" வேண்டவே வேண்டாம், ராவிய எனாமல் திரும்ப வராது. 2023இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த வழிகாட்டுதல், நாள்பட்ட தாடை வலிக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையையும் மேற்பார்வையோடு செய்யும் தாடைப் பயிற்சியையும் முன்னால் வைக்கிறது. கழற்றக்கூடிய கார்டையும் போட்டாக்ஸையும் பின்னுக்குத் தள்ளுகிறது. நரம்பு முனை மாறியிருக்கும்போது தசையை மட்டும் முடக்கினால் என்ன கிடைக்கும் என்று யோசித்தால் இது புரியும்.

செர்ட்ரலின், ஃபுளூவாக்செட்டின் போன்ற மருந்து தொடங்கிய சில வாரத்தில் பற்கடிப்பு வந்தால் அதை எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். தானாக நிறுத்தக்கூடாது.

பதில் 4: முகவலி_குறிப்பேடு

ஒன்று விட்டுப்போயிற்று. 50 வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக வரும் வலி, ஓரிரு நிமிடம் மென்றதும் தொடங்கி, நிறுத்தியதும் அடங்குகிறது, நெற்றிப்பொட்டும் தொட்டால் நோகிறது என்றால் அதைத் தசை வலி என்று எழுதிவிடாதீர்கள். ராட்சதச் செல் தமனி அழற்சியாக (தலைக்கும் கண்ணுக்கும் ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் அழற்சியுறும் நோய்) இருக்கலாம். அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அன்றே எடுக்க வேண்டும். சந்தேகம் வலுவாக இருந்தால் திசுச் சோதனைக்குக் காத்திராமல் ஸ்டீராய்டு தொடங்குவார்கள், ஏனென்றால் பார்வை போனால் திரும்புவது அரிது. மெல்லாமல், படியேறும்போது மட்டும் தாடை வலித்தால் இதயத்தைப் பாருங்கள். கீழ்த்தாடை மரப்பூசிக்குப் பின் வாய் திறக்காமல் போவது பெரும்பாலும் தாடையின் உட்புறத் தசையான உள் டெரிகாய்டில் ஊசி பட்டதால். ஒத்தடமும் பயிற்சியும் கொடுத்தால் சில வாரத்தில் சரியாகும். திறப்பு நாளுக்கு நாள் குறைந்தாலோ, காய்ச்சலும் விழுங்கச் சிரமமும் சேர்ந்தாலோ கிருமித்தொற்று என்று எடுத்துக்கொண்டு அன்றே அனுப்புங்கள்.